கார்டில் எழுதாதது

அன்புள்ள கதிர்,

நீ அனுப்பிய புகார்க் கடிதம் வந்து ஒன்பது நாள் ஆகிறது. சாப்பாட்டு மேசைமேல்தான் கிடக்கிறது. அதைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுத் தட்டை வைத்துக்கொள்கிறேன். கடைசிப் பக்கத்தில் என் பெயரை நீயே அச்சடித்து, பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்னப் பெருக்கல் குறியும் போட்டிருக்கிறாய், கிழவன் வேறு எங்காவது கையெழுத்துப் போட்டுத் தொலைக்கப் போகிறான் என்று. ஆஸ்திரேலியாவுக்கு, பெர்த்துக்கு விமானம் ஏறுமுன் இதை மருத்துவ மன்றத்தில் கொடுத்துவிட வேண்டும், அம்மாவுக்காக இது ஒன்றையாவது செய்துவிட்டுத்தான் போவேன் என்று சொன்னாய். மூன்று முறை நினைவுபடுத்தியும் விட்டாய். நான் ‘பார்க்கிறேன்’ என்று மட்டும் பதில் போட்டேன். பார்த்துவிட்டேன். நான் கையெழுத்துப் போடப் போவதில்லை. ஏன் என்று போனில் சொன்னால் நீ பாதியில் கத்துவாய், நான் பாதியில் வைத்துவிடுவேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நீளமாகத்தான் போகும், கடைசிவரை படி.

புகாரை நன்றாகவே எழுதியிருக்கிறாய். அதையும் சொல்லிவிட வேண்டும். அம்மா அந்தக் கிள்ளான் கிளினிக்குக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரஷர் மருந்து வாங்கப் போனாள். கிளினிக்கில் அவள் விவரம் எழுதி வைக்கும் கார்டின் நகலை வாங்கி, ஒவ்வொரு வருகையையும் வரிசையாக எடுத்துப் போட்டிருக்கிறாய். இரண்டு வருடத்தில் எட்டு முறை போயிருக்கிறாள். எட்டிலும் பிரஷர் எவ்வளவு, எடை எவ்வளவு, என்ன மாத்திரை, ஒருமுறை முழங்கால் வலி, இவ்வளவுதான் இருக்கிறது. மார்பில் கட்டி என்ற பேச்சே இல்லை. ஒன்பதாவது முறை போனபோது அதே டாக்டர் கட்டியைப் பார்த்து, அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுக்கிறார். அங்கே போனால் எலும்புவரைக்கும் பரவிவிட்டது என்கிறார்கள். எட்டு முறை பார்த்தவர் ஒருமுறைகூடக் கவனிக்கவில்லை என்றால் அது அலட்சியமா இல்லையா என்று கேட்டு முடித்திருக்கிறாய். என் பழைய மேசைக்கு இந்தக் கேஸ் வந்திருந்தால் நானும் இதையேதான் எழுதியிருப்பேன். கார்டை மட்டும் வைத்துப் பார்த்தால் நீ சொல்வதில் ஒரு ஓட்டை கிடையாது.

என்னைப் பற்றி உனக்கு ஒரு கோபம் இருக்கிறது. அம்மா போய் எட்டு மாதமாகியும் அப்பா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று சித்தியிடம் சொல்லியிருக்கிறாய். உண்மைதான், விடவில்லை. வரவில்லை என்பதுதான் விஷயம். பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்டால் வாய் மரத்துப்போகும் அல்லவா, உதட்டைக் கடித்துக்கொண்டாலும் தெரியாது. அப்படித்தான் இருக்கிறது. காலையில் எழுந்து கோப்பி கலக்குகிறேன், மழை வருமுன் துணியை எடுக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை பசாருக்குப் போய் இரண்டு பேருக்கு மீன் வாங்கிவிட்டு வந்து நிற்கிறேன். வருத்தமாக இருக்கிறதா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் சொல்லப்போவதையும் ஒரு ரிப்போர்ட் மாதிரிதான் சொல்லப் போகிறேன். அதற்காகக் கோபித்துக்கொள்ளாதே, எனக்கு வேறு மாதிரி எழுதத் தெரியாது.

அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டால் நீ பள்ளிக்கூடத்தில் ‘இன்சூரன்ஸ்’ என்று எழுதிக் கொடுப்பாய். நான் இன்சூரன்ஸ் விற்றவன் இல்லை. ஒருவர் இறந்த பிறகு அவர் குடும்பம் காப்புறுதி க்ளெய்ம் கேட்கும்போது, அது நியாயமானதுதானா என்று விசாரித்து எழுதிக் கொடுக்கிறவன். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். காப்புறுதிக் கம்பெனிகள் கோப்புகளை அங்கே அனுப்பும். எல்லா க்ளெய்மும் வராது. பாலிசி எடுத்துக் கொஞ்ச நாளிலேயே இறந்தவர்களுடையதுதான் பெரும்பாலும் வரும். முதல் வேலை, விண்ணப்பப் படிவத்தை எடுத்து, ‘உங்களுக்கு ஏற்கெனவே ஏதாவது நோய் உண்டா’ என்ற கேள்விக்கு என்ன பதில் சொல்லியிருக்கிறார்கள் என்று பார்ப்பது. இரண்டாவது, அவர் வீட்டைச் சுற்றியிருக்கும் கிளினிக்குகளில் ஏறி இறங்குவது. குடும்பத்தார் கையெழுத்துப் போட்ட அனுமதிக் கடிதம் கையில் இருக்கும். கவுண்டரில் இருக்கும் பெண் பழைய கார்டுகளைத் தேடி எடுத்துத் தருவாள். பாலிசி தொடங்கிய தேதிக்கு முந்தைய தேதியில் அந்தக் கார்டில் ஒரு வரி கிடைத்தால் போதும். இனிப்பு நீர், நெஞ்சு வலி, மூச்சு வாங்குகிறது, எதுவாக இருந்தாலும் சரி. அந்த வரியைக் கண்டுபிடிப்பதில் நான் கெட்டிக்காரன் என்று பேர் எடுத்தேன். பாஸ் கடினமான கோப்பெல்லாம் என் மேசையில்தான் வைப்பார்.

இதில் வாடிக்கையாளர் பக்கமும் ஒன்று இருக்கிறது. கேள்வியைத் தெளிவாகக் கேட்க வேண்டியது கம்பெனியின் கடமை. கேட்டதற்குக் கவனமாகவும் உண்மையாகவும் பதில் சொல்வதுதான் வாடிக்கையாளரின் கடமை. கேட்காததை அவர் ஊகித்துச் சொல்ல வேண்டியதில்லை. தப்பான பதிலிலும் வித்தியாசம் உண்டு. தெரிந்தே ஏமாற்றியதா, கவனக்குறைவா, அப்பாவித்தனமாகச் சொன்னதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே தண்டனை கிடையாது. க்ளெய்மை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். அதை ஒத்துக்கொள்ளாதவர்கள் ஆறு மாதத்துக்குள் கம்பெனிக்கு வெளியே இருக்கும் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், வக்கீல் தேவையில்லை. இதெல்லாம் எனக்குத் தலைகீழாகத் தெரியும், பரீட்சை எழுதித் தேறியிருக்கிறேன். ஆனால் நான் போன வீடுகளில் ஒருத்தரிடம்கூட இதைச் சொன்னதில்லை. அது என் வேலை இல்லை என்று நினைத்தேன்.

கேரி தீவுக் கதையை உனக்குச் சொன்னதில்லை. செம்பனைத் தோட்டத்தில் குலை ஏற்றும் லோரி ஓட்டிய ஒருவர் நெஞ்சடைத்து இறந்துவிட்டார். பாலிசிக்கு இன்னும் ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. கார்டு எதுவும் கிடைக்கவில்லை, மனுஷர் கிளினிக் பக்கமே போகாதவர். எங்கள் ஆட்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. வேறு வழியில்லாதபோது பதினாறாம் நாள் காரியத்துக்குப் போவோம். கூட்டத்தில் யார் யாரோ வருவார்கள், யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள். பந்தியில் உட்கார்ந்து பக்கத்து இலைக்காரர்களிடம் ‘என்னாச்சு அண்ணனுக்கு’ என்றால் போதும். துக்க வீட்டில் நம்மவர்கள் நோயைக் குறைத்துச் சொல்ல மாட்டார்கள், கூட்டித்தான் சொல்வார்கள். எவ்வளவு நாள் கஷ்டப்பட்டார் என்று சொல்வதுதான் செத்தவருக்குச் செய்யும் மரியாதை. அன்றைக்கு எனக்குச் சாம்பார் ஊற்றியதே அவருடைய மனைவிதான். லோரி கம்பெனி ஆள் என்று நினைத்துக்கொண்டார். போன தைப்பூசத்துக்கு முந்தின தைப்பூசத்திலிருந்தே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவார் என்று சொல்லிக்கொண்டே இரண்டாவது முறை சோறு வைத்தார். வீட்டுக்கு வருமுன் காரிலேயே அதை எழுதிவிட்டேன். அந்தத் தைப்பூசம் பாலிசி தேதிக்கு முன்னால் வந்தது.

க்ளெய்மை மறுத்துவிட்டார்கள். கொஞ்ச நாள் கழித்து அந்த அக்கா எனக்குப் போன் செய்தார். என் நம்பர் எப்படிக் கிடைத்தது என்று கேட்கவில்லை. கோபமாகப் பேசியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். “அண்ணே, நீங்க அன்னைக்கு வந்து சாப்பிட்டீங்களே. இங்கிலீஷ்ல கடுதாசி வந்திருக்கு. என்னா போட்டிருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்றீங்களா?” என்றார். எனக்கு அதெல்லாம் தெரியாது, ஏஜெண்டைக் கேளுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன். ஆறு மாதம் அவகாசம் இருக்கிறது, இன்ன இடத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள் என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். துக்கத்தில், சாப்பாட்டுப் பந்தியில் வருஷத்தை மாற்றிச் சொல்லியிருக்கலாமே என்று குறைதீர்ப்பாளர் ஆபீசில் கேட்டிருப்பார்கள். எதிர்த்துக் கேட்டிருந்தால் என் ரிப்போர்ட் நிற்பது சந்தேகம்தான். அவருக்கு அது தெரியாது, எனக்குத் தெரியும். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் உன் அம்மாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். வெட்கப்பட்டுச் சொல்லவில்லை, எப்படிக் கண்டுபிடித்தேன் என்று சொன்னேன். அம்மா கையில் சோற்றோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அந்தப் பொம்பள உங்களுக்குச் சோறு போட்டிருக்காங்களே” என்றாள். நான் அதற்கு என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை.

நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது கவனித்திருக்க மாட்டாய். நம் வீட்டில் சாப்பாட்டு நேரம் முழுக்க என் கேஸ் கதைதான். எந்தக் கிளினிக்கில் எந்தக் கார்டைப் பிடித்தேன், எந்த டாக்டர் என்ன கிறுக்கியிருந்தார், ஒரு வார்த்தை எப்படி மாட்டிவிட்டது, இதுதான் பேச்சு. நேர்மையாகக் கேட்டு நேர்மையாகக் கிடைத்த க்ளெய்ம்கள்தான் அதிகம், பத்தில் எட்டு ஒன்பது அப்படித்தான். அவற்றில் கதை இல்லையே, அதனால் சொன்னதில்லை. பிடிபட்டவர்கள் கதையை மட்டும் சொன்னேன். ‘ரெண்டு வருஷம் தாண்டிட்டா நாங்க அவ்வளவா தோண்ட மாட்டோம் லா’ என்று அடிக்கடி சொல்வேன். பாதி உண்மை அது. மீதிப் பாதியைச் சொல்ல எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போய்விடுவேன். அம்மா தட்டை எடுத்துக்கொண்டு போவாள். எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

அம்மாவின் பாலிசிப் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தவன் நான்தான். ஆயுள் காப்புறுதியும், ஆஸ்பத்திரிச் செலவைக் கட்டும் மருத்துவ அட்டையும் சேர்ந்தது. உனக்கு வேலை கிடைத்த வருடம் அது. ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் படித்துச் சொன்னேன், அவள் சொன்ன பதிலையே எழுதினேன். பிரஷர் இருப்பதை மறைக்கவில்லை, மாத்திரைப் பெயர்வரை போட்டோம். என் வீட்டுப் படிவத்தில் எந்த ஆபீசரும் ஒரு எழுத்தைக்கூடத் தொட முடியாது என்று பெருமையாகச் சொன்னேன். கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மூடும்போது அம்மா ஒரு கேள்வி கேட்டாள். இனிமேல் புதுசாக ஏதாவது வந்தால் என்ன ஆகும் என்றாள். வரட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றேன். டிவியில் செய்தி போய்க்கொண்டிருந்தது. அவள் கேட்டது ஒரு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற பதில்தான்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும் என்று நினைக்கிறாய். இரண்டு வருடம் கழித்து ஒருநாள், குளிக்கும்போது கட்டி ஒன்று கையில் பட்டது என்று அம்மா என்னிடம் சொன்னாள். நேற்றுத்தான் பார்த்தேன் என்றாள். அன்றைக்கே அந்தக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். பிறகு ஆஸ்பத்திரி, கீமோ, முடி கொட்டியது, நீ லீவு போட்டுவிட்டு வந்து நின்றது, எல்லாம் ஒரு வருடத்தில் முடிந்துவிட்டது. பதினாறாம் நாள் வீட்டுப் பந்தலில் சித்தி அம்மா படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, அக்கா எவ்வளவு நாள் பொறுத்துக்கிட்டிருந்தா தெரியுமா என்று பெரியம்மாக்களிடம் அழ ஆரம்பித்தாள். மூலையில் நீலச் சட்டை போட்ட ஒருத்தன் நின்றிருந்தான், எனக்கு முகம் தெரியாதவன். என் கால் தானாகப் போய்விட்டது. சித்தியின் காதருகே குனிந்து, “சாந்தி, சீக்கைப் பத்தி இங்க யாருகிட்டயும் ஒன்னும் பேசாத. ஆளுங்க வந்திருப்பாங்க” என்றேன். பெரியம்மாக்களிடமும் போய் அதையே சொன்னேன். ஒவ்வொருத்தராக வாயை மூடிக்கொண்டார்கள். அம்மாவின் காரியத்தில் அம்மாவைப் பற்றிப் பேச ஆளில்லாமல் போனது. நீ என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டு, ஏன்ப்பா சித்தியைப் பேச விடவில்லை என்று கேட்டாய். அவளுக்குப் பிரஷர் ஏறிவிடும் என்று பொய் சொன்னேன். நீலச் சட்டைக்காரன் பந்தல் நாற்காலிகளை எடுத்துப் போக வந்த லோரி டிரைவர்.

அப்போது பாலிசிக்கு மூன்று வருடம் தாண்டிவிட்டது. யாரும் வரமாட்டார்கள் என்று என் புத்திக்குத் தெரியும். அப்படியே வந்தாலும் மறைக்க நம்மிடம் ஒன்றும் இல்லை. பத்திரங்களைக் கொடுத்த சில வாரங்களிலேயே க்ளெய்ம் தீர்ந்தது. ஒரு கேள்விகூட இல்லை, ஒரு ஆள்கூட வரவில்லை. அனுதாபம் தெரிவித்து ஒரு கடிதம் வந்தது, அவ்வளவுதான். நான் சித்தியிடம் போய், இனிப் பேசலாம் என்று சொல்லியிருக்க வேண்டும். அது எனக்குத் தோன்றவேயில்லை. நீ அந்தச் சமயத்தில்தான் கார்டின் நகலை வாங்கிப் படிக்க ஆரம்பித்தாய். உனக்கு விஷயம் சொல்லக்கூடிய ஒரே ஆளின் வாயை நான் அடைத்து வைத்திருந்தேன், அதனால் நீ டாக்டர்மேல் குற்றம் சொல்லி நின்றாய்.

உன் புகாரைப் படித்தபோது எனக்கு ஒன்று உறுத்தியது, வேலைப் பழக்கம்தான். எட்டாவது வருகைக்கும் ஒன்பதாவது வருகைக்கும் நடுவில் மூன்று மாதம் முழுசாக ஆகவில்லை. மருந்து தீருமுன்பே போயிருக்கிறோம். அந்தத் தேதியைப் பாலிசித் தேதியோடு வைத்துப் பார்த்தேன். இரண்டு வருடம் முடிந்து நான்காவது நாள். அவள் என்னிடம் ‘நேற்றுத்தான் பார்த்தேன்’ என்று சொன்ன நாள் அது. கோப்புகளில் இந்த மாதிரி தேதிகளைப் பார்த்தால் நான் பேனாவால் வட்டம் போடுவேன். இந்த முறை வட்டம் போடவில்லை. போன சனிக்கிழமை காலையில் கொம்யூட்டர் ரயில் ஏறி, கே.எல். சென்ட்ரலில் மாறி, செந்தூலுக்குச் சித்தி வீட்டுக்குப் போனேன்.

சித்தி எனக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். பதினாறாம் நாள் நீ சொல்ல வந்ததை இப்போது சொல் என்றேன். அவள் எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். “இப்ப பேசுனா ஒன்னும் ஆகாதா மாமா? க்ளெய்ம திருப்பிக் கேக்க மாட்டாங்களா?” என்று மெல்லிய குரலில் கேட்டாள். எட்டு மாதமாக அந்தப் பயத்தோடு இருந்திருக்கிறாள். ஒன்றும் ஆகாது என்று சொன்னேன். ஒருமுறை சொன்னால் நம்பவில்லை, இரண்டாவது முறையும் சொல்ல வேண்டியிருந்தது.

கட்டி அம்மாவின் கையில் பட்டது பாலிசி எடுத்த எட்டாவது மாதம். சித்தியிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள், அதுவும் கோயிலில் வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டு. அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது சித்தியையும் துணைக்குக் கூட்டிப் போயிருக்கிறாள். தீபாவளிக்குத் துணி எடுக்க இரண்டு பேரும் கிளம்பிய நாள். டாக்டர் பிரஷர் பார்த்துவிட்டு, வேறு ஏதாவது தொந்தரவு உண்டா என்று கேட்டிருக்கிறார். அம்மா, நான் ஒன்று சொன்னால் அதைக் கார்டில் எழுதுவீர்களா என்று கேட்டிருக்கிறாள். எழுதித்தான் ஆக வேண்டும், எதுவானாலும் சொல்லுங்கள், பயப்படாதீர்கள் என்றிருக்கிறார் டாக்டர். இரண்டு முறை வற்புறுத்தியிருக்கிறார். ஒன்றுமில்லை, முழங்கால் வலிக்கிறது என்று அம்மா சொல்லிவிட்டாள். உன்னிடம் இருக்கும் நகலில் பார். நான்காவது வருகையில் ‘முழங்கால் வலி’ என்று எழுதி ஒரு தைலம் கொடுத்திருப்பார். அந்த மனுஷர் கேட்க வேண்டியதைக் கேட்டிருக்கிறார் கதிர்.

வெளியே வந்ததும் சித்தி அழுது சண்டை போட்டிருக்கிறாள். உள்ளே போய்ச் சொல், இல்லையென்றால் மாமாவிடம் நான் சொல்வேன் என்றிருக்கிறாள். அம்மா அவளைக் காருக்குள் உட்காரவைத்துச் சொன்னதைச் சித்தி அப்படியே எனக்குச் சொன்னாள். “அவருகிட்ட சொல்லாத சாந்தி. அவருக்குத் தெரிஞ்சா அவரு எழுதணும், இல்லாட்டி எனக்காகப் பொய் சொல்லணும். ரெண்டு வருஷம் ஆகட்டும். அதுக்கப்புறம் யாரும் தோண்ட மாட்டாங்க, அவரே சொல்லியிருக்காரு லா.” அப்புறம் துணிக்கடைக்குப் போய் எனக்கு ஒரு சட்டையும் உனக்கு ஒரு ஜிப்பாவும் எடுத்திருக்கிறார்கள். சித்தி சொல்லி முடித்த பிறகு நான் தேத்தண்ணியைக் குடித்தேன். ஆறிப்போயிருந்தது, முழுக்கக் குடித்தேன். சித்தி அழுதாள். எனக்கு அப்போதும் வரவில்லை.

படிவத்தில் கையெழுத்துப் போட்ட அன்று அம்மா கேட்டிருந்த ஒரு நிமிடத்துப் பதிலை உனக்காவது சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டு வருடம், படிவத்தில் எழுதிய பதில்களைப் பற்றியது. கையெழுத்துப் போட்ட நாளில் அவளுக்குக் கட்டி இல்லை, இல்லை என்று எழுதியது சத்தியம். பாலிசி தொடங்கிய பிறகு வருகிற நோய்க்காகத்தான் பாலிசியே எடுக்கிறோம். மருத்துவ அட்டைக்கு ஆரம்பத்தில் சில மாதம் காத்திருக்க வேண்டும், எட்டாவது மாதத்தில் அதுவும் முடிந்துவிட்டது. டாக்டர் அன்றைக்குக் கார்டில் ‘கட்டி’ என்று எழுதியிருந்தால், அந்த வரி அவளுக்கு எதிராகப் போயிருக்காது. நான் அப்படிப்பட்ட கோப்பை மேசையில் பார்த்திருந்தால், தேதியைப் பார்த்துவிட்டு ‘சரி’ என்று எழுதி அனுப்பியிருப்பேன். அவள் பதினாறு மாதம் காத்திருந்தது ஒன்றுமில்லாத ஒரு பயத்துக்காக. அந்தப் பயத்தை நான்தான் தினமும் சாப்பாட்டோடு வைத்தேன்.

அவளை நான் கொன்றேன் என்று எழுத மாட்டேன். அப்படி எழுதினால் நீ என்னைச் சமாதானப்படுத்த வேண்டியிருக்கும். முன்னாடியே பார்த்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று ஆஸ்பத்திரி டாக்டரும் உறுதியாகச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இருபத்தெட்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தும், தன் உடம்பில் ஒரு கட்டி வந்ததும் அவள் மறைக்க நினைத்த முதல் ஆள் நான். பிடிபடப் போகிறவள் மாதிரி என் எதிரே சாப்பிட்டு எழுந்திருக்கிறாள். நான் கவனிக்கவில்லை. ஊரில் யார் என்ன மறைத்தாலும் கண்டுபிடித்தவன் என்ற பெயரோடு ஓய்வு பெற்றேன்.

உனக்கும் நாளைக்கு ஒரு குடும்பம் வரும். உனக்குத் தெரிந்ததில் பயமுறுத்துகிற பாதியை மட்டும் வீட்டில் சொல்லாதே, மீதியையும் சேர்த்துச் சொல். உன் மனைவி தானாகக் கேட்கும் அன்றைக்கு டிவியை நிறுத்திவிட்டுச் சொல். உனக்கென்று எனக்குச் சொல்லத் தெரிந்த புத்திமதி இதுதான்.

கேரி தீவு அக்காவைத் தேடிப் போனேனா என்று கேட்பாய். போன செவ்வாய்க்கிழமை போனேன். அந்த வீட்டில் இப்போது வேறு ஆட்கள் இருக்கிறார்கள், டெங்கில் என்ற ஊர்ப் பக்கம் மகளோடு போய்விட்டார் என்கிறார்கள். விசாரித்துக்கொண்டிருக்கிறேன். கண்டுபிடித்தாலும் ஆறு மாதம் என்பது எப்போதோ முடிந்துவிட்டது. அவரிடம் போய் என்ன சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. ஆனால் இந்த முறை யார் என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போவேன்.

புகாரை நீ அனுப்பலாம். நீயும் அம்மாவுக்கு வாரிசுதான், என் கையெழுத்து இல்லாமலும் வாங்கிக்கொள்வார்கள். அனுப்பினால் விசாரணை நடக்கும். அன்றைக்கு நான் டாக்டர் பக்கம் சாட்சி சொல்லப் போவேன், சித்தியும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். உன்னை எதிர்த்து ஒரு அறையில் உட்கார வேண்டிவரும் என்று தெரிந்துதான் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒருநாள் வீட்டுக்கு வா. நான் சாப்பிட எதுவும் செய்து வைக்க மாட்டேன், மேசையைக் காலி செய்து வைக்கிறேன். எதிரே உட்கார்ந்து, அம்மாவைப் பற்றி உனக்கு என்னென்ன கேட்க வேண்டுமோ எல்லாம் கேள். எனக்குத் தெரிந்தது, தெரியாமல் போனது, எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். நான் சொல்வதை நீ எழுதிக்கொள்.

அப்பா